முதல் தண்ணி வரைக்கும்

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் விஜயபாண்டி பைக்கைத் தானே உதைத்து ஸ்டார்ட் செய்தான். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. வாசலில் நின்ற தம்பி வேல்பாண்டியின் கண் முழுக்க அண்ணனின் வலது முழங்காலில் இருந்தது.

"என்னல அப்பிடிப் பாக்க? வீங்குமான்னா?"

"வீங்காது. சும்மா பாத்தேன்."

"பாத்துக்கோ. டிக்கெட் போடல."

இருபத்தொன்பது வயதில் அவன் கிக்கரை மிதிக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை வண்டியைத் தெருக்காரர் யாராவது உதைத்துக் கொடுக்க வேண்டும். தம்பியாலும் முடியாது. இரண்டு பேருக்கும் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய், ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் ஒன்றை, டாக்டர்கள் ஒன்பதாம் ஃபேக்டர் என்று சொல்வதை, அவர்கள் உடம்புக்குச் செய்யத் தெரியாது. ஒரு உதை, ஒரு இடறல் போதும்; மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து முழங்கால் தேங்காய் மாதிரி திரண்டுவிடும். பத்து நாள் படுக்கை. அம்மா வெள்ளத்தாய் வழியாக வந்த நோய். அவளுடைய தம்பி பத்தொன்பது வயதில் பல் பிடுங்கப் போய், மூன்றாம் நாள் வாயில் துணியோடு செத்துப்போனான்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் விஜயபாண்டிக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் அதைப் பழகினான். வேல்பாண்டி சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்கர். போலீஸ் ஏட்டாக இருந்த அப்பா போன பிறகு, வீட்டுக்கு வரும் காகிதங்களையெல்லாம் படித்துச் சொல்கிறவன் அவன்தான். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி புது சிகிச்சைக்கு ஆள் சேர்க்கிறது என்று வந்த முப்பத்தொரு பக்கச் சம்மதப் படிவத்தையும் அவன்தான் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தான்.

"வைரஸுன்னா கிருமிதான?" என்றாள் வெள்ளத்தாய்.

"கிருமிதாம்மா. ஆனா உள்ள இருக்கத எடுத்துட்டாக. வெறும் கூடுதான். அதுக்குள்ள நமக்கு இல்லாத சரக்க வச்சு அனுப்புதாக. அது நேரா ஈரலுக்குப் போயி எறக்கி வச்சிரும். அப்பறம் ஈரலே அந்த ஃபேக்டர செஞ்சுக்கிடும்."

"குளவிக் கூடு மாதிரியா?"

"அப்பிடித்தான் வச்சுக்கோயேன்."

"ஏம்ப்பா, மனுசன் ஈரலுக்குள்ள போயா குளவி கூடு கட்டணும்?"

விஜயபாண்டி சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

அண்ணன் தம்பி இருவருமே மதுரைக்குப் போய்ப் பரிசோதனை கொடுத்தார்கள். தம்பியைச் சேர்க்கவில்லை. "ஊருக்குள்ள சாதாரணமா திரியற வைரஸ்தான் இது. உங்க ரத்தம் எப்பவோ அதைப் பாத்திருக்கு. ஈரலுக்குப் போறதுக்கு முன்னாடியே அடிச்சுப் போட்டுரும்" என்றார் டாக்டர். அண்ணனின் ரத்தம் அதைப் பார்த்ததில்லை. தை மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் கையில் ட்ரிப்ஸ் ஏறியது. அவ்வளவுதான். மாசி முதல் வாரத்தில் ஃபேக்டர் முப்பத்தெட்டு சதவிகிதம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஒன்றைத் தாண்டாதது.

பிறகு ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் கணக்கு ஏறியது. கூடு உள்ளே இருப்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அதைத் தேடி ஈரலையே அடிக்கிறது, அடக்கி வைக்க வேண்டும் என்று தினமும் ஆறு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் அவனிடம் பேசிவிட்டு, கூட வந்த வேல்பாண்டி பக்கம் திரும்பினார்.

"ரெண்டே விஷயம். இந்த மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களா நிறுத்தக் கூடாது. காய்ச்சல், கொப்புளம், எது வந்தாலும் அன்னைக்கே போன். இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து. சின்ன சீக்குகூட பெருசாகும். வீட்டுல யார் பொறுப்பு?"

"நான் சார்."

சிகிச்சை அட்டையில் பொறுப்பாளர் என்ற இடத்தில் வேல்பாண்டி கையெழுத்துப் போட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்த விஜயபாண்டி கழுத்தைச் சொறிந்துகொண்டே சட்டையைக் கழற்றினான். காதுக்குக் கீழே நீர் கோத்து ஒரு கொப்புளம். நெஞ்சில் மூன்று. முதுகில் வேல்பாண்டி எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டான். அது பங்குனி மாதம். தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளத்தாய் டியூப் லைட்டுக்குக் கீழே மகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பிலிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கைகாலைக் கழுவினாள். கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் செருகினாள்.

"அம்மா வந்திருக்கா" என்றாள். "இனி வீட்டுல தாளிக்கக் கூடாது. மாத்திரை, ஊசி, அந்த வாசமே ஆகாது. எல்லாத்தையும் எடுத்து வெளிய வையி."

"எம்மா, அந்த மாத்திரைய நிறுத்தக் கூடாது. டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"அவருக்கு மேல இருக்கவ வந்திருக்கா. அவ போற வரைக்கும் அவ சொல்லுததுதான்."

வேல்பாண்டி போனை எடுத்தான். பாயில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"செத்த நேரம் பொறுல. இப்ப போன் அடிச்சா ஒடனே வண்டிய அனுப்புவாக. அம்மை போட்டவனத் தூக்கி வண்டியில ஏத்துனா அம்மா ஒடஞ்சு போவா."

"ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அம்மை போட்டு எவன்ல செத்தான்? ஒனக்கு நாலாப்பு படிக்கப்ப போட்டுச்சு. எனக்கு இப்ப. உள்ள ஒரு வைரஸு, வெளிய ஒரு வைரஸு. ரெண்டும் பேசித் தீத்துக்கிடட்டும்."

அன்றைய ஆறு மாத்திரையைக் காலையிலேயே விழுங்கியிருந்தான். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வேல்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து, ஆறு மாத்திரையையும் பேப்பரில் மடித்துச் செம்பின் அடியால் நுணுக்கினான். ஒரு டம்ளர் இளநீரில் கொட்டிக் கலக்கி அண்ணனிடம் நீட்டினான். கசப்பு தாளாத மாத்திரை அது. விஜயபாண்டி ஒரு வாய் குடித்ததும் நிறுத்தி, தம்பியின் முகத்தைப் பார்த்தான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி வரைக்கும் குடித்தான். மீதியை வைத்துவிட்டான்.

"ஏமாத்துதது நல்லா இல்லல" என்றான், மெதுவாக. "அம்மாவயும் சரி, மேல வந்திருக்கவளயும் சரி."

டம்ளரை எடுக்க வந்த வெள்ளத்தாய், மீந்த இளநீரைத் தொட்டியில் ஊற்றினாள். அடியில் வெள்ளையாக வண்டல் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"யாரு?"

"நாந்தான்."

அவள் திட்டியிருந்தால் அவனும் திருப்பிக் கத்தியிருப்பான். அவள் அவனைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"ஒம்மாமன் பல்லு வலின்னு துடிச்சப்ப, ரெண்டு நாளு கிராம்பு வச்சுப் பாப்போம், புடுங்க வேண்டாம்னு சொன்னேன். எங்க குடும்பத்துல ரத்தம் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். டாக்டரு சொல்லுதாரு, பொட்டச்சி ஒனக்கு என்ன தெரியும்னு கூட்டிட்டுப் போனாக. அன்னைக்கு எம்பேச்சு நின்னுருந்தா அவன் இருந்திருப்பான். இருப்பானா இல்லையா?"

"இருப்பாரு."

"நான் ஊசிய வேண்டாம்னேனா? மதுரைக்குப் போக வேண்டாம்னேனா? குளவிக் கூட்டக்கூட ஏத்திக்கிடச் சொன்னேன். இது ஒண்ணுதான் கேக்கேன். ஞாயித்துக்கெழம முதல் தண்ணி ஊத்திருவோம். அது வரைக்கும். அதுக்குப் பொறவு நீ எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். கையடிச்சுக் கொடு."

மஞ்சள் ஒட்டிய உள்ளங்கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாள். படிவத்தில் பதினேழாம் பக்கத்தில் மருந்தை நிறுத்துவது பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் நாள் கணக்கு எதுவும் இல்லை என்று அவனுக்கு நினைவு. பாதி இளநீர் உள்ளே போயிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டான். அம்மாவின் கையில் கையடித்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை வாராந்திர ரத்தம் எடுக்கிற நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் ரமீஜாதான் விஜயபாண்டிக்கு ரத்தம் எடுக்கிறவள்; வேல்பாண்டிக்கு வாரம் இரண்டு ஃபேக்டர் ஊசி போடுகிறவளும் அவள்தான். பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணன எங்க காணும்? மதுரை வண்டிக்காரன் பெட்டியோட நிக்கான்."

"அவன் ஊருல இல்ல சிஸ்டர். தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கான்."

"யாரு கல்யாணம்?"

"கூடப் படிச்சவன் கல்யாணம். பாண்டிதுரைன்னு."

"மாத்திரைய எடுத்துட்டுப் போயிருக்காரா?"

"எடுத்துட்டுப் போயிருக்கான்."

"திங்கக்கெழம கட்டாயம் வரச் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

போனை வைத்த பிறகும் வேல்பாண்டிக்குக் காது சுட்டது. பாண்டிதுரைக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெயர் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விஜயபாண்டி வாந்தி எடுத்தான். கஞ்சி தங்கவில்லை, இளநீர் தங்கவில்லை. கொப்புளம் முகம், தலை, உள்ளங்கால் என்று இடம் விடாமல் பரவியிருந்தது. அம்மா வேப்பிலையும் பச்சை மஞ்சளும் சேர்த்து அரைத்து, கோழி இறகால் தலை முதல் கால் வரை தடவினாள். வெள்ளை வேட்டியில் வேப்பிலை பரப்பி அதன் மேல் அவனைக் கிடத்தியிருந்தாள். ஜன்னலுக்குச் சேலை கட்டியிருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவன் கண்ணை மூடியே கிடந்தான்.

மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. தம்பிதான் பாத்திரத்தைக் கொல்லையில் கொட்டினான்.

"எம்மா, இந்த நெறத்துல போகுது."

"அம்மை சூடுப்பா. உள்ள கொதிக்கும்ல. தண்ணி ஊத்துனா எறங்கிரும்."

அன்று மத்தியானம் வேல்பாண்டி இரண்டு முறை போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைக் கொண்டுவந்தான். இரண்டு முறையும் பச்சைப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. இன்னும் ஒரு நாள்தான் என்று ஒரு மனது சொன்னது. கையடித்துக் கொடுத்ததை மீறி ஏதாவது ஆகிவிட்டால், அதற்கும் நீதான் காரணம் என்று இன்னொன்று சொன்னது. உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருந்தது.

"வேலு. ஞாயித்துக்கெழம ஆகிருச்சா?"

"நாளைக்கழிச்சு."

"எம்புட்டு நேரம் இருக்கு?"

வேல்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணனுக்கு முகம் துடைத்துவிட உட்கார்ந்தான். எழுப்பினால் 'ம்' என்றான், கண் திறக்கவில்லை. இடது இமையோரத்தில் வேப்பிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே போய்விடுமோ என்று ஈரத்துணியால் ஒற்றி, கட்டைவிரலால் இமையைத் தூக்கினான்.

வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

ஒரு கணம் அம்மா பூசியதுதான் பட்டுவிட்டது என்று நினைத்துத் துணியைத் தேடினான். பிறகு கை நின்றுவிட்டது. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசவில்லை. ஜன்னல் சேலையை இழுத்துப் போட்டான். அண்ணனின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தான். நாக்குக்கு அடியில் பார்த்தான். எல்லாம் அதே நிறம். எத்தனை நாளாக இந்த நிறம் பூச்சுக்குக் கீழே இருந்தது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் மஞ்சளாகக் கிடந்தவனிடம் மஞ்சளை யார் தேடியிருப்பார்கள்.

"எம்மா, இங்க வா. கண்ணப் பாரு."

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். அவள் கையிலிருந்த இறகு கீழே விழுந்தது.

அவன் போன் போட்டான். ஆஸ்பத்திரி நம்பருக்கு முன்னால் ரமீஜாவைத்தான் கூப்பிட்டான்.

"சிஸ்டர், தென்காசி பொய். அண்ணனுக்கு அம்மை. புதங்கெழமைல இருந்து மாத்திரை சரியாக் கொடுக்கல. கண்ணு மஞ்சளா இருக்கு. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கான்."

ரமீஜா மளமளவென்று பேசினாள். "நூத்தியெட்டக் கூப்பிடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு வாங்க, அந்த மாத்திரை மருந்த ஊசியாப் போட்டு மதுரைக்கு அனுப்புவோம். மதுரைக்கு நான் பேசுதேன். அட்டைய எடுத்துக்கிடுங்க. எத்தன நாளுன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. இனியாவது."

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது வெள்ளத்தாய் வாசற்படியில் நின்றிருந்தாள். அவர்களில் ஒருவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "வழி விடுங்க ஆச்சி" என்றார். அவள் நகர்ந்தாள்.

"நாளைக்குத் தண்ணி ஊத்திருப்பேன்" என்று யாருக்கென்றில்லாமல் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினொரு கிலோமீட்டர். வண்டியில் விஜயபாண்டி ஒரு தடவை கண் திறந்து, கூரையில் ஆடிய பாட்டிலைப் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊசி போட்டபோது கைகால் அசைந்தது. ரமீஜா மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து மதுரை வரைக்கும் கூடவே ஏறினாள். வழி நெடுக ரத்த அழுத்தத்தைப் பார்த்து நம்பர் மட்டும் சொன்னாள். நம்பர் குறைந்துகொண்டே வந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் நம்பர் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

மதுரையில் டாக்டர் கேட்டார். "எத்தனை நாள்?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொப்புளம் வந்துச்சு சார். புதன்கிழமை பாதி மாத்திரை. வியாழன், வெள்ளி கொடுக்கல. இன்னைக்கும் இல்ல."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவர் கத்துவார் என்று வேல்பாண்டி காத்திருந்தான். அவர் கத்தவில்லை, பேனாவை மூடிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு விஜயபாண்டி இறந்தான். அம்மை ஈரலுக்குள் போயிருந்தது என்றார் டாக்டர். மாத்திரை திடீரென்று நின்றதை உடம்பு தாங்கவில்லை. அடக்கி வைத்திருந்த எதிர்ப்பு சக்தியும் அவிழ்ந்துகொண்டு ஈரலை அடித்திருக்கும். மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

"செவ்வாய்க்கிழமையே வந்திருந்தா?" என்று கேட்டான் வேல்பாண்டி.

டாக்டர் தரையைப் பார்த்தார். "அம்மைக்கும் நரம்புல ஏத்துற மருந்து இருக்கு" என்றார். "அதைத்தான் அன்னைக்குச் சொல்லிருக்கணும் நான். போன் பண்ணுங்கன்னு மட்டும் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் மகாராஜபுரத்துக்கும் புதுப்பட்டிக்கும் பஸ் ஏறிய பிறகு, வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். வெள்ளத்தாய் ரசத்துக்குக் கடுகு தாளித்தாள். அந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேலு."

"ம்."

"நான் சொன்னா நீ கேட்டுருவியா?"

அவன் சோற்றில் கை வைத்தபடி இருந்தான்.

"முப்பத்தொரு பக்கம் படிச்சவன்தான நீ. நான் என்னத்தக் கண்டேன். நான் பயந்துபோயிச் சொன்னேன். என்னப் புடிச்சுத் தள்ளிட்டுல்ல நீ தூக்கிட்டுப் போயிருக்கணும்."

குரலில் கோபம் இல்லை. விடை தெரியாமல் கேட்கிறவளின் கேள்வி அது. அம்மாவைத் தள்ளுவது என்பது அந்த நாலு நாளில் ஒரு தடவைகூட அவன் நினைப்பில் வரவில்லை. தன் மேல் பழி வராமல் இருப்பது எப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். அதற்குக் கையடித்துக் கொடுத்த வாக்கு வசதியாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல நினைத்தான். சொன்னால் பழியில் பாதியாவது அவளிடமிருந்து இறங்கும்.

"எனக்கும் பயம்மா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

காரியங்களுக்கு அலைந்ததில் அவனுடைய ஊசி மூன்று வாரம் தவறியிருந்தது. கணுக்கால் வீங்கிப்போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே கிளினிக்குக்குப் போனான். ரமீஜா அவன் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னதுக்கு…" என்று ஆரம்பித்தான்.

"யாரு கல்யாணம்னு கேட்டேன். தடுமாறாமப் பேரச் சொன்னீங்க. அதான் நம்பிட்டேன்" என்றாள் அவள். "அந்தப் பழி எனக்கும்தான் இருக்கு. வியாழக்கெழம நேர்ல வந்து பாத்திருக்கலாம். பதினொரு கிலோமீட்டர்தான்."

நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசியை ஏற்றினாள். மருந்து இறங்கி முடிந்ததும் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, அவன் விரலை அதன் மேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வேல்பாண்டி பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். அவனுக்குப் பத்து நிமிடம்.